மதுரையில் இருந்துகொண்டே நாலு நாட்டு ஊடகங்களை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊடக ஒப்பீடு என்று பேச்சு எடுத்தாலே முதலில் வந்து விழுவது 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு போடுகிற பத்திரிகைச் சுதந்திரப் பட்டியல்தான். 2025-ல் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 151-வது இடம், நார்வேக்கு முதலிடம். அதைப் பார்த்து ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார், இன்னொருவர் 'வெள்ளைக்காரன் போட்ட கணக்கு' என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார், பேச்சு அத்தோடு சரி. நார்வே நிருபர் காலையில் எழுந்து எங்கே போகிறார், உசிலம்பட்டி நிருபர் எங்கே போகிறார் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

அதைக் கேட்க நினைக்கிறவர்களுக்குத்தான் இது. இதழியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆய்வுக் கட்டுரைக்கு ஆகும், சும்மா பேப்பர் படித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களுக்கும் ஆகும். முறை ரொம்பச் சின்னது: ஒரு செய்தி எந்த வழியாக அச்சுக்கோ திரைக்கோ வருகிறது, அந்த வழியில் யார் யார் கை வைக்க முடியும் என்று ஒவ்வொரு நாட்டிலும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். சட்டம், காசு, கட்சி, பழக்கவழக்கம் எல்லாம் போகிற வழியிலேயே தட்டுப்படும்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'எந்த நாட்டு ஊடகம் நல்லது' என்று ஆரம்பித்தால் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். கைதானவரின் பெயரை எந்தக் கட்டத்தில் வெளியிடுகிறார்கள்? உள்ளூர் ரேடியோவில் செய்தி சொல்ல யாருக்கு அனுமதி? பத்திரிகையின் முதலாளி மாறினால் அங்கே வேலை பார்க்கிறவருக்கு என்ன உரிமை? அரசு விளம்பரம் நின்றுபோனால் என்ன ஆகும்? இப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே போதும். சின்னக் கேள்விக்கு விடை தேடிப் போனால் பெரிய விஷயங்கள் தானாகவே பின்னால் வரும்.

2. முதலில் சொந்த ஊர்

வெளிநாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் பலருக்குத் தங்கள் ஊர்ப் பேப்பரை யார் நடத்துகிறார்கள் என்பதே தெரியாது. அதனால் முதல் வாரம் முழுக்க மதுரைதான்.

நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ, சிம்மக்கல் மைய நூலகத்துக்கோ போய், ஒரே நாளில் வந்த தமிழ் நாளிதழ்கள் அத்தனையையும் வரிசையாகப் போட்டுப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் ஒதுக்கி, உரிமையாளர் யார், வேறு என்ன தொழில் வைத்திருக்கிறார், எந்தக் கட்சிக்கு நெருக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு இதில் தனி வரலாறே உண்டு. தினத்தந்தியை சி.பா. ஆதித்தனார் 1942-ல் தொடங்கியது இங்கேதான். லண்டனில் சட்டம் படித்த காலத்தில் பார்த்த டெய்லி மிரரைப் போல, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற பேப்பர் வேண்டும் என்று நினைத்தார் என்பார்கள். ஆக, நீங்கள் டீக்கடையில் புரட்டுகிற பக்கத்திலேயே லண்டன் பத்திரிகைப் பழக்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர் வருவதும் மதுரையிலிருந்துதான். கட்சிப் பத்திரிகை என்பதை அவர்கள் மறைப்பதில்லை. மறைக்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

கசப்பான பக்கத்தையும் எழுதியாக வேண்டும். 2007 மே 9 அன்று, கருணாநிதியின் உறவினர்கள் நடத்திய தினகரனில் அவருடைய அரசியல் வாரிசு யார் என்று வந்த ஒரு கருத்துக்கணிப்பை ஒட்டி, மதுரையில் அதன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. அதன்பின் 2019-ல்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஊடகமும் கட்சியும் குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும்போது அடி யார் மேல் விழுகிறது என்று காட்ட இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு வாரப் பேப்பரில் விளம்பரம் பிடித்திருக்கிற இடத்தை அளந்து பிரியுங்கள்: அரசு டெண்டர், அமைச்சர் பிறந்தநாள் வாழ்த்து, நகைக்கடை, ஜவுளிக்கடை, கோச்சிங் சென்டர், பிளாட் விற்பனை, கண்ணீர் அஞ்சலி. இந்தப் பிரிவினை உங்களுக்குச் சொல்லித்தருவதை எந்தப் பேட்டியும் சொல்லித்தராது. ஒரு பேப்பரில் அரசு விளம்பரமும் வாழ்த்து விளம்பரமும் சேர்ந்து பாதி இடத்தைப் பிடித்திருந்தால், அந்தப் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் கலெக்டர் ஆய்வுச் செய்திகள் எத்தனை, மக்கள் மறியல் செய்திகள் எத்தனை என்று அடுத்து எண்ணுங்கள்.

3. நாடுகளைத் தேர்ந்தெடுப்பது: தமிழையே கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்

பலரும் அமெரிக்கா, இங்கிலாந்து என்று நேராக ஓடிவிடுகிறார்கள். நமக்குக் கையில் இருக்கிற வசதி வேறு. தமிழில் நாளிதழ் நடக்கிற நாடுகள் நான்கு: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. மொழி ஒன்று, சட்டம், முதலாளி, அரசு எல்லாம் வேறு வேறு. மொழிபெயர்ப்பாளர் தயவில்லாமல் நாலு நாட்டையும் நேராகப் படிக்கலாம்.

இலங்கையில் வீரகேசரி 1930 முதல் வருகிற தனியார் நாளிதழ். தினகரனோ லேக் ஹவுஸ் நிறுவனத்துடையது, அந்த நிறுவனத்தை 1973-ல் அரசு எடுத்துக்கொண்டது. அதாவது அங்கே அரசாங்கமே ஒரு தமிழ் நாளிதழ் நடத்துகிறது, இங்கே அப்படி எதுவும் கிடையாது. (பெயரைப் பார்த்து நம்ம ஊர்த் தினகரனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) யாழ்ப்பாணத்து உதயன் 1985-ல் தொடங்கியது. போர் நடந்த காலத்தில் அங்கேயே இருந்து அச்சடித்த பேப்பர். 2006 மே 2 அன்று அதன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள்.

சிங்கப்பூர்த் தமிழ் முரசு 1935-ல் பிறந்தது. அங்கே 1974 சட்டப்படி நாளிதழ் நிறுவனத்தில் 'நிர்வாகப் பங்கு' என்று ஒன்று உண்டு. ஆட்களை நியமிப்பது, நீக்குவது சம்பந்தமான முடிவுகளில் அந்தப் பங்கு ஒன்றுக்கு 200 ஓட்டு, அதை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அரசின் சம்மதம் வேண்டும். ஆசிரியருக்கு அரசு போன்கூடப் போட வேண்டியதில்லை, பாருங்கள். தமிழ் முரசை நடத்துகிற எஸ்.பி.எச். மீடியா இப்போது லாப நோக்கமில்லாத நிறுவனம். ஆண்டுக்கு 18 கோடி சிங்கப்பூர் டாலர் வரைக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு நிதி தருவதாக 2022-ல் அரசு அறிவித்தது. மலேசியாவில் 1984-ம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சகம்தான் பேப்பருக்கு அனுமதி தரும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியை 2012-ல் எடுத்துவிட்டார்கள், அனுமதி வாங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த நான்கோடு தூரத்து நாடு ஒன்றோ இரண்டோ சேர்த்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் ஜப்பானும் நார்வேயும். ஏன் என்று ஆறாவது படியில் தெரியும்.

4. கையில் ஒரு அளவுகோல்

இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்கொள்கிற சட்டகம் ஹாலின், மான்சினி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-ல் கொடுத்தது. மேற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவுமாக 18 நாடுகளை எடுத்து நாலு விஷயங்களைக் கேட்டார்கள். பத்திரிகைச் சந்தை எவ்வளவு பெரியது, எப்போது வளர்ந்தது? ஊடகமும் கட்சிகளும் எவ்வளவு நெருக்கம்? பத்திரிகையாளருக்குத் தொழில் என்ற முறையில் சொந்த நெறியும் சுயேச்சையும் உண்டா? அரசு எந்த அளவுக்கு உள்ளே வருகிறது?

கிடைத்த விடையை வைத்து மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், போர்ச்சுகல், பிரான்ஸ் ஒரு கூட்டம்: கட்சிப் பிடிப்பு அதிகம், பேப்பர் வாங்குகிறவர் குறைவு. ஜெர்மனியும் நார்டிக் நாடுகளும் அக்கம்பக்கமும் இன்னொன்று: கட்சிச் சார்பும் இருந்தது, பலமான தொழில் நெறியும் இருந்தது, அரசு உதவியும் உண்டு. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அயர்லாந்து மூன்றாவது: சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற போக்கு.

தமிழ்நாட்டை இதில் எங்கே வைப்பீர்கள்? பல பேர் இங்கிலாந்துக்காரன் ஆண்டான், அதனால் மூன்றாவது கூட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். கேபிள் பெட்டியைத் தட்டிப் பார்த்தாலே போதும். கலைஞர் டி.வி., ஜெயா டி.வி., மக்கள் டி.வி., நியூஸ் ஜெ என்று கட்சிக்கொரு அலைவரிசை. இத்தாலியில் அரசுத் தொலைக்காட்சி ராய் இருக்கிறதே, அதன் முதல் சானல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு, இரண்டாவது சோஷலிஸ்டுகளுக்கு, மூன்றாவது கம்யூனிஸ்டுகளுக்கு என்று ஒரு காலத்தில் பங்கு போட்டே வைத்திருந்தார்கள். அப்புறம் மூன்று பெரிய தனியார் சானல்களை வைத்திருந்த பெர்லுஸ்கோனி பிரதமராகவே ஆனார். இதைப் படிக்கும்போது மதுரைக்காரனுக்கு ரோம் ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

ஆனால் இத்தாலியோடு முழுசாகவும் ஒட்டாது. அங்கே பேப்பர் படிப்பு மேல்தட்டோடு நின்றது, இங்கே கட்சிப் பேப்பரும் வெகுஜனப் பேப்பரும் சேர்ந்தே டீக்கடை வரைக்கும் இறங்கின. இன்னொன்று, இந்தியா முழுவதையும் ஒரே அமைப்பாக வைத்து எழுதுவது எனக்குச் சரியாகவே படவில்லை. மொழிக்கு மொழி சந்தை வேறு, கட்சிக் கட்டமைப்பு வேறு. 'இந்திய ஊடகம்' என்று எழுதப்படுவதில் பெரும்பாதி டெல்லி ஆங்கில, இந்தி சானல்களைப் பற்றியதுதான். தமிழ்நாட்டைத் தனி அலகாக எடுங்கள், யாரும் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டு ஆய்வாளர்களே மேற்குக்கு வெளியே உள்ள நாடுகளுக்குத் தங்கள் சட்டகம் பொருந்துமா என்று பார்க்க 2012-ல் தனியாக ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள்.

5. சட்டத்தைப் படியுங்கள், ஆனால் சட்டத்தோடு நின்றுவிடாதீர்கள்

ஒவ்வொரு நாட்டுக்கும் பார்க்க வேண்டியவை: பேச்சுரிமைப் பிரிவு, அவதூறுச் சட்டம், தகவல் உரிமை, அனுமதி முறை. ஸ்வீடனில் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1766-லேயே வந்துவிட்டது. அங்கே அரசு ஆவணத்தைக் கேட்கிறவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் சொல்ல வேண்டாம், பத்து ரூபாய் கட்ட வேண்டும், முகவரி தர வேண்டும், 30 நாள் காத்திருக்க வேண்டும். கிராம ஊராட்சிக் கணக்கைக் கேட்டு மனுப் போடுகிறவருக்கு அந்த முகவரி என்ன பாடு படுத்தும் என்று மேலூர்ப் பக்கம் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

அவதூறில் இலங்கை நம்மை முந்திவிட்டது. அங்கே அது குற்ற வழக்கு என்பதை 2002-லேயே நீக்கிவிட்டார்கள். இங்கே 2016-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது, இப்போதும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. அதற்காக இலங்கை நிருபர் நிம்மதியாக இருந்தாரா என்றால், 'சண்டே லீடர்' பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்டது 2009 ஜனவரியில். சட்டப் புத்தகம் ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சட்டங்கள் நாடு விட்டு நாடு நடப்பதையும் கவனியுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-ல் நியூயார்க் டைம்ஸ் வழக்கில், பொய் என்று தெரிந்தோ உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமலோ எழுதினார் என்று நிரூபித்தால்தான் அரசு அதிகாரி அவதூறு வழக்கில் ஜெயிக்கலாம் என்று சொன்னது. முப்பது வருஷம் கழித்து, ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று தமிழ்நாட்டு அதிகாரிகள் தடுக்கப் பார்த்த வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் அந்த அமெரிக்கத் தீர்ப்பை எடுத்துப் பேசி, வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. 1994 தீர்ப்பு அது. ஒப்பீடு படிக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது.

இந்தப் படியில் எனக்குப் பிடித்த பயிற்சி ரேடியோ. மதுரையில் சூரியன் எப்.எம். கேட்கிறீர்கள். இந்தியாவில் தனியார் எப்.எம். நிலையம் சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்க முடியாது, வேண்டுமானால் ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். அலைவரிசை மக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொன்ன பிறகும் நிலைமை இதுதான். இப்போது கொழும்பு சூரியன் எப்.எம்.மை இணையத்தில் திறந்து கேளுங்கள். பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, மொழியும் ஒன்று, நிறுவனம் மட்டும் வேறு. அங்கே அவர்களுக்கென்று செய்திப் பிரிவு, மணிக்கு மணி செய்தியறிக்கை. நேபாளத்தில் 1997-ல் வந்த ரேடியோ சாகர்மாதா முதல் சமுதாய வானொலிகளே செய்தி சொல்கின்றன. வைகையில் வெள்ளம் வருகிற அன்று இந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்து எழுதினாலே ஒரு நல்ல கட்டுரை தேறும். எல்லாத்துக்கும் 'இந்தியா பெரிய ஜனநாயகம்' என்று ஆரம்பிக்கிறவர்கள் இந்த ரேடியோ விஷயத்தை மட்டும் ஏனோ தொடுவதே இல்லை.

6. ஒரே செய்தியைப் பல நாட்டு வழியில் நடத்திப் பாருங்கள்

இதுதான் மையம், நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஒரு நகைப் பறிப்புக் கைது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் அது எப்படிச் செய்தியாகிறது? போலீஸ் தரப்பிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குறிப்பு வரும், கூடவே படம்: பிடிபட்டவர் நடுவில், சுற்றிலும் தனிப்படையினர், முன்னால் மேஜையில் நகை. குறிப்பில் பெயர், தகப்பன் பெயர், வயது, தெரு எல்லாம் இருக்கும். மாலைக்குள் அது பல இடங்களில் ஒரே வாசகத்தோடு வந்துவிடும். கைதானவர் தரப்பில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஒரு வருஷம் கழித்து விடுதலை ஆனால் அது செய்தியாகாது. செய்தியாளர் சந்திப்புகளில் போலீஸ் என்ன சொல்லலாம் என்று வழிமுறை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023-ல் மத்திய அரசிடம் சொன்னதெல்லாம் உண்டு. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவர் பெயர், சிறார் பெயர் இவற்றுக்குத்தான் இங்கே கறாரான தடை.

இதே கைது ஆஸ்லோவில் நடந்தால், வழக்கமாக 'முப்பதுகளில் உள்ள ஒரு ஆண்' என்பதோடு முடிந்துவிடும். நார்வேயில் இதற்குக் காரணம் சட்டத்தைவிடப் பத்திரிகையாளர்களே 1936-ல் வகுத்துக்கொண்டு அவ்வப்போது திருத்திவருகிற நெறிக்கோவை. அதை மீறினால் அவர்களே நடத்துகிற புகார்க் குழு கண்டிக்கும், அந்தக் கண்டனத்தை அதே பேப்பர் தன் வாசகருக்கு வெளியிட வேண்டும். ஜெர்மனியிலும் முதல் பெயரும் ஒரு எழுத்தும்தான் பெரும்பாலும் வரும். இங்கிலாந்தில் பொதுவாகக் குற்றம் முறைப்படி சுமத்தப்பட்ட பிறகு பெயர் வரலாம். ஆனால் கைதான நிமிஷத்திலிருந்து 1981-ம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் தலைக்கு மேல் தொங்கும். ஜூரியைப் பாதிக்கிற மாதிரி 'பழைய குற்றவாளி' என்று எழுதினால் ஆசிரியரே கூண்டில் நிற்க நேரும். அமெரிக்காவில் போலீஸ் எடுத்த முகப் படத்தோடு சர்வ சாதாரணமாக வரும். அங்கேயும் ஏ.பி. செய்தி நிறுவனம் 2021-ல் சின்னக் குற்றங்களில் பெயர் போடுவதில்லை என்று முடிவெடுத்தது, காரணம் இணையத்தில் அது ஆயுசுக்கும் அழியாது என்பதுதான்.

ஜப்பானைத்தான் விரிவாகப் பாருங்கள், ஏனென்றால் அது நமக்குத் தெரிந்த முகம். கைதானதும் பெயர் வந்துவிடும். போலீஸ் தலைமையகம், அமைச்சகம், நகராட்சி என்று ஒவ்வொன்றிலும் 'கிஷா கிளப்' என்ற நிருபர் மன்றம் இருக்கிறது. அந்த அலுவலகமே அறை கொடுத்திருக்கும், பெரிய பத்திரிகைகளின் நிருபர்கள் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், அறிவிப்பு முதலில் உறுப்பினருக்குத்தான். வாரப் பத்திரிகைக்காரரும் வெளிநாட்டு நிருபரும் நெடுங்காலம் வாசலிலேயே நின்றார்கள். இரவானால் அதே நிருபர்கள் துப்பறியும் அதிகாரியின் வீட்டு வாசலில் போய்க் காத்திருந்து ஒரு வரி வாங்கி வருவார்கள். அரசியல் சட்டத்தில் தணிக்கை கூடாது என்று எழுதியிருக்கிற நாடு அது. ஆனாலும் மன்றத்தில் இருக்கிறவர் அதிகாரியைச் சங்கடப்படுத்தும் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறார், ஏனென்றால் நாளைக்கும் அதே அறைக்குத்தான் போக வேண்டும். நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் யார், யாரை எப்போது நீக்கினார்கள் என்று விசாரித்தால் டோக்கியோவை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

7. காசு

வாசகர் தருவது, விளம்பரம், அரசு, முதலாளியின் வேறு தொழில் என்று நாலே வழி. பொதுத் துறை ஒலிபரப்புக்கு ஜெர்மனியில் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டணம், டி.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும். அது வரியாகப் போய் அரசின் பையில் விழாமல் தனியாகவே வசூலாகிறது. பிரிட்டனில் பி.பி.சி. உரிமக் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. நம்ம ஊரிலும் ரேடியோ லைசென்ஸ் என்று தபால் ஆபீசில் பணம் கட்டிய காலம் உண்டு, வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 80-களில் எடுத்துவிட்டார்கள். இப்போது தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் பிரசார் பாரதியின் கீழ், பணம் பெரும்பாலும் பட்ஜெட்டிலிருந்து.

நார்வேயில் ஒரு ஊரில் இரண்டாவது இடத்தில் இருக்கும் பேப்பர் செத்துவிடக் கூடாது என்று அரசு மானியம் கொடுக்கிறது. விதிப்படி கணக்குப் பார்த்துத் தருவதால், எதிர்த்து எழுதினாய் என்று ஒருவருக்கு நிறுத்த முடியாது. இங்கே அரசு விளம்பரமும் ஒரு விதத்தில் மானியம்தான், ஆனால் குழாயைத் திறப்பதும் மூடுவதும் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் கையில். அரசு பணம் தந்தாலே அடிமை என்று எழுதுவதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாளி மாறும் விஷயத்தில் பிரான்ஸ் தனி ரகம். 1935 முதல் அங்கே மனச்சாட்சிப் பிரிவு என்று ஒரு சட்ட உரிமை: பேப்பர் கைமாறினாலோ அதன் கொள்கை தடம் மாறினாலோ நிருபர் இழப்பீட்டோடு வெளியேறலாம். என்.டி.டி.வி. 2022-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போனபோது வெளியேறியவர்களுக்கு அப்படி ஒரு உரிமை கிடையாது.

8. நிருபரிடம் பேசுங்கள்

உலக இதழியல் ஆய்வு என்ற கூட்டு முயற்சி 67 நாடுகளில் 27,500-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்களிடம் கேள்வி கேட்டது, இந்தியாவும் அதில் உண்டு. அரசியல்வாதிகளைக் கண்காணிப்பது முக்கியமா, நாட்டின் வளர்ச்சிக்குத் துணை நிற்பது முக்கியமா, விலகி நின்று பார்ப்பது முக்கியமா என்கிற மாதிரிக் கேள்விகள். அந்தப் படிவத்தை எடுத்து நீங்களும் நாலு பேரிடம் கேட்கலாம். ஆனால் படிவத்தில் எல்லோருமே கண்காணிப்பாளர்கள்தான். என் அனுபவத்தில் நல்ல பதில் வருகிற கேள்வி வேறு. "அண்ணே, இந்த மாசம் நீங்க அனுப்பினதுல எது வரல?" என்று கேளுங்கள். முதலில் "அதெல்லாம் எதுக்குத் தம்பி" என்பார். இரண்டாவது டீயில் சொல்லிவிடுவார்.

தாலுகா நிருபரைத் தவறாமல் பாருங்கள். திருமங்கலத்திலோ வாடிப்பட்டியிலோ செய்தி அனுப்புகிற பலர் பகுதி நேரக்காரர்கள். வந்த செய்திக்குத்தான் காசு, கூடவே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும், பத்திரிகை ஊழியர்களுக்கு மஜீதியா குழு பரிந்துரைத்து 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த ஊதியமும் இவர்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தாலியில் 1963 முதல் சட்டப்படி ஒரு பதிவேடு உண்டு, பரீட்சை எழுதித் தேறினால்தான் தொழில்முறைப் பத்திரிகையாளர். அது நல்லதா? வேலி என்றால் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு, வெளியே இருப்பவருக்குத் தடை. எனக்கு அதில் இன்னும் முடிவான கருத்து இல்லை.

கவர் விஷயத்தையும் கேட்க வேண்டும், கூச்சப்படாதீர்கள். பிரஸ் மீட் முடிந்து கையில் திணிக்கப்படும் உறை நமக்கு மட்டும் உரியது என்று நினைத்து வெட்கப்படுகிறவர்கள் இந்தோனேசியாவைப் படிக்கலாம். அங்கே அதற்கு 'அம்ப்ளோப்' என்று பெயர், 1994-ல் உருவான சுயேச்சைப் பத்திரிகையாளர் சங்கம் அதை வாங்குவதில்லை என்று விதியே வைத்திருக்கிறது. சம்பளம் குறைவாகவும் அதிகாரியின் தயவு அதிகமாகவும் தேவைப்படுகிற இடங்களில் எல்லாம் உறை வந்துவிடுகிறது. பெரிய அளவில், காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி மாதிரிப் போடுவதற்குப் பெயர் 'பெய்டு நியூஸ்'. 2009 தேர்தலுக்குப் பிறகு பிரஸ் கவுன்சில் 2010-ல் அதை விசாரித்து அறிக்கை தயாரித்தது. கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது, தொலைக்காட்சியைத் தொடவே முடியாது.

9. கடைசியில் பட்டியலைத் திறங்கள்

இவ்வளவும் முடித்த பிறகு தரவரிசையைப் பார்த்தால் அது பயன்படும். மலேசியாவை எடுங்கள்: 2023-ல் 73, 2024-ல் 107, 2025-ல் 88. இரண்டே வருஷத்தில் ஒரு நாட்டுப் பத்திரிகைப் பழக்கம் இப்படிக் கீழே விழுந்து மேலே ஏறாது. அரசியல், பொருளாதாரம், சட்டம், சமூகம், பாதுகாப்பு என்று ஐந்து பிரிவாகப் புள்ளி போடுகிறார்கள், எந்தப் பிரிவில் ஆடியது என்று பிரித்துப் பாருங்கள், மொத்த எண்ணை மறந்துவிடுங்கள்.

ஆக்ஸ்போர்டில் இருக்கிற ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனத்தின் வருடாந்தர டிஜிட்டல் செய்தி அறிக்கையைக் காட்டி 'இந்தியர்கள் செய்தியை இவ்வளவு நம்புகிறார்கள்' என்று எழுதுகிறவர்கள் அதிகம். இந்தியாவில் அவர்கள் கேட்டது இணையத்தில் இருக்கிறவர்களை மட்டும், அதிலும் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களை. அறிக்கையே அதைச் சொல்கிறது. அலங்காநல்லூர் டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை, அதனால் பின்லாந்து எண்ணையும் அந்த எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கட்டம் போடாதீர்கள்.

10. எழுதும்போது

நாட்டுக்கு ஒரு அத்தியாயம் என்று போட்டால் ஐந்து தனிக் கட்டுரையாகத்தான் வரும். கேள்விக்கு ஒரு அத்தியாயம் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் எல்லா நாட்டையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் ஆண்டு எழுதுங்கள், கட்டணமும் சட்டமும் அடிக்கடி மாறுகின்றன. இங்கேயே 1867-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் போய், 2023-ல் நிறைவேறிய புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது, பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பேசிய நிருபர்களின் பெயரைப் போடாதீர்கள், தாலுகாவையும் பேப்பரையும் சேர்த்து எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.